பாடகர் வாங்கும் முன்வாசலும்

பழைய கட்டடங்களைத் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

எனது பிரியாவிடைக் கூட்டத்தில் என்னை நீளமாகப் பேசச் சொன்னார்கள். கழுத்தில் மாலை குத்த, தட்டில் வடை ஆறிக்கொண்டிருக்க, ஒரு மனிதன் என்னத்தைப் பேசுவது? நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். சாந்து குழைப்பது, ஓடு அடுக்குவது எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் வேலைத்தளத்தில் மேசன்மார் சொல்லித் தருவார்கள், கொஞ்சம் நக்கலோடு. நான் எழுதப் போவது ஒரு தேவாலயத்தைப் பற்றி.

வடமராட்சிக் கரையோரப் பட்டினம் ஒன்றில் அந்த மெதடிஸ்த தேவாலயம் இருக்கிறது. பட்டினத்தின் பெயரை எழுதவில்லை. அந்த வீதியால் ஒருமுறை பஸ்ஸில் போனவர்களுக்கும் தெரியும். உயர்ந்த வெள்ளை முகப்பும், உச்சியில் சின்ன மணிக்கூண்டும், வீதியைப் பார்த்துத் திறக்கும் பெரிய கதவும். மிசனரிமார் வந்த புதிதில் ஓலைக் கொட்டிலில்தான் ஆராதனை நடந்ததாம். பிறகு இதைக் கட்டினார்கள். படம் கீறியது வெள்ளைக்காரர், கட்டியது நம்மவர்கள். அதனால் முகப்பைப் பார்த்தால் சீமைத் தேவாலயம் மாதிரி இருக்கும். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் பனைமரக் கைமரங்களும், கடற்பாறையில் வெட்டிய முருகைக்கல் சுவர்களும், யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு ஒன்று நன்றாக வளர்ந்துவிட்டது போலத் தெரியும்.

அந்தச் சபையாருக்குப் பிரசங்கம்தான் முக்கியம். ஆகவே பிரசங்க மேடையைக் கிழக்குச் சுவரின் நடுவில் உயரமாக வைத்திருக்கிறார்கள். எந்த மூலையில் இருந்தாலும் போதகரின் முகம் தெரியும். சனம் உட்காரும் நீண்ட மர வாங்குகள் எல்லாம் மேடையைப் பார்த்து வரிசையாக இருக்கும். ஒரேயொரு வாங்கு மாத்திரம் வேறு மாதிரி. மேடைக்குப் பக்கத்தில், சனங்களைப் பார்த்தபடி போட்டிருக்கிறது. அது பாடகர் குழுவுக்குரியது. இந்த வாங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தின் வடக்குச் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு மண்டபம். பிந்திக் கட்டியது. தேநீர் விருந்து, பரிசளிப்பு, மாதர் கூட்டம், விவாதம், கலியாண வரவேற்பு என்று ஊரில் ஒரு காலத்தில் நடந்ததெல்லாம் அங்கேதான் நடந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பின. அந்த அடுப்புப் புகை மண்டபத்துக் கைமரங்களில் கரியாகப் படிந்திருந்தது. கட்டடக் குழுச் செயலாளர் அதைச் சுரண்டி வார்னிஷ் அடிக்கச் சொன்னார். நான் விடவில்லை. அது அழுக்கல்ல ஐயா, அதுவும் உங்கள் சபையின் பதிவேடுதான் என்றேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். இன்னொருவர் தனக்குப் பாடம் எடுப்பதைப் பொறுத்துக்கொள்வது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் நல்ல மனிதர்.

நான் அளவெட்டி ஊர்க்காரன், சைவன். தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தேவாலயத்தின் அமைதி முதலில் பிடிபடவில்லை. அளவெடுக்கப் போன முதல் கிழமையே போதகர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

“அண்ணை, வெறுங்கட்டடத்தை எத்தினை நாளைக்கு அளப்பியள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ஆக்கள் இருக்கேக்கை பாருங்கோ.”

போனேன். நானூறு பேர் இருக்கக்கூடிய இடத்தில் ஒரு பஸ்ஸை நிரப்பக்கூடக் காணாத சனம். மற்றவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மண்ணுக்குள்ளும் இருந்தார்கள். வந்தவர்களாவது ஒன்றாக முன்னுக்கு இருந்தார்களா என்றால், இல்லை. ஒருவர் யன்னலோரம், ஒருவர் நடுவில், இன்னொருவர் கடைசிக்கு முதல் வாங்கில். நான் ஒரு வாங்கில் உட்காரப் போக, ஓர் அம்மா மெல்லச் சைகை காட்டி என்னை வேறு வாங்குக்கு அனுப்பினார். அது டொக்டர் வீட்டாரின் வாங்காம். டொக்டர் வீட்டார் அவுஸ்திரேலியாவுக்குப் போய் ஒரு தலைமுறையாகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். இல்லாதவர்களின் இடத்தில் இருப்பவர்கள் உட்காருவதில்லை. ஒருவரும் எழுதி வைத்த சட்டமில்லை. பாடத் தொடங்கினார்கள். குரல்கள் ஒன்றையொன்று தேடித் தேடிக் களைத்துப்போயின.

பாடகர் வாங்கில் ஒருவர் மாத்திரம் இருந்தார். ஊரில் எல்லோரும் ரீச்சர் என்று கூப்பிடும் ஒரு வயதான பெண்மணி. சங்கீதம் படிப்பித்தவர். பாடகர் குழு என்று இப்போது அவர் ஒருவர்தான். புத்தகத்தைப் பார்க்காமல், எங்களுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டு பாடினார். எங்கே பார்க்கிறார் என்று நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழில் புத்தி அப்படி.

கூரையில் பார்க்க நிறைய இருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ நல்ல மனதோடு சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசிக் கொடுத்திருந்தார்கள். முருகைக்கல் சுவர் மூச்சுவிட வேண்டும். மூக்கைப் பொத்தினால் ஈரம் எங்கே போகும்? சுவருக்குள் செருகியிருக்கும் மரத்துக்குத்தான் போகும். கிழக்குப் பக்கத்துத் தீராந்தியின், அதாவது சுவருக்குச் சுவர் கிடந்து கூரையைத் தாங்கும் பெரிய மரத்தின் நுனியை எங்கள் மரவேலை ஓடாவியார் ஏணியில் ஏறிக் குத்திப் பார்த்தார். திருப்புளி வாழைத்தண்டுக்குள் போவது போல இறங்கியது.

“சேர், உது இப்ப நிக்கிறது பழக்கத்திலைதான்” என்றார் மேலிருந்தபடி.

அன்றைக்கே தேவாலயத்தை மூடினேன். ஐப்பசி மழை தொடங்க அதிக நாளில்லை. ஓடு நனைந்து பாரம் ஏறினால் அந்த மரம் தாங்காது. மஞ்சள் நாடா கட்டி, முன்வாசலைச் சாத்தி, ஆராதனையை மண்டபத்துக்கு மாற்றச் சொன்னேன். மண்டபத்துக்குச் சிறு தெருவான ஒழுங்கைப் பக்கமாகத் தனி வாசல் உண்டு. கதிரை போட்டாயிற்று, மேசை போட்டாயிற்று, போதகர் நிற்கும் இடத்துக்கு விரிப்பும் போட்டாயிற்று. எல்லாம் சரி என்று நினைத்தேன். போதகர் மட்டும் இழுத்தார்.

“ரீச்சர் வரமாட்டன் எண்டுறா, அண்ணை.”

“ஏன்?”

“அவ அந்த வாங்கை விட்டு எழும்பி நான் ஒருநாளும் காணேல்லை. எனக்கு முன்னம் இருந்த போதகரும் இதைத்தான் சொன்னவர்.”

வயதானவர்கள் இடம் மாறப் பஞ்சிப்படுவார்கள், வந்துவிடுவார் என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஞாயிறு காலை மண்டபத்தின் ஒழுங்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். முதற் பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் போதகர் சட்டென்று என்னைப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பாட்டைத் தாழ்த்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்தில், மூடிக் கிடந்த தேவாலயத்துக்குள், ஒரு குரல் தனியாக அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். சிறிய பின்கதவு திறந்து கிடந்தது. நாடாவைத் தூக்கிவிட்டுக் குனிந்து போயிருக்கிறார். முன்வாசலையும் உள்ளிருந்து திறந்து வைத்துவிட்டார். உக்கிப்போன தீராந்திக்கு நேர் கீழே, பாடகர் வாங்கில், ரீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சரணத்தைப் பாடி முடிக்கும்வரை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ரீச்சர், தயவுசெய்து வெளியிலை வாங்கோ. மேலை மரம் உக்கிப்போச்சு. எந்த நேரமும் இறங்கும்.”

“தெரியும் தம்பி. போதகர் சொன்னவர். நீர் போம். நீர் பிள்ளைகுட்டிக்காரன்.”

“உங்களை விட்டிட்டு நான் போகமாட்டன்.”

“அப்ப இரும்” என்று சற்றுத் தள்ளி இடம் விட்டார்.

பொலிஸைக் கூப்பிடலாம். நாலு பேரைக் கொண்டு தூக்கலாம். அப்படித் தூக்கினால் அடுத்த ஞாயிறும் வருவார், அதற்கடுத்த ஞாயிறும் வருவார். பகலும் இரவும் காவல் போடவா முடியும்? நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மேலதிகாரி உங்களை வேலையை விட்டு நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டும். நான் அன்று உட்கார்ந்ததற்குக் காரணம் துணிவல்ல. வேறொன்றும் தோன்றவில்லை.

நான் மேலே மரத்தைப் பார்த்தேன். அவர் நேரே பார்த்தார். கொஞ்சத்தில் நானும் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். வெறும் வாங்குகளுக்கு நடுவால் நடைபாதை நேரே ஓடிப் பெரிய கதவில் முடிந்தது. கதவுக்கு வெளியே படி, கேற், வீதி. அந்தப் பக்கத்தில் பஸ் தரிப்பிடம். அங்கே இறங்கும் ஆள் இடது காலை வைக்கிறாரா வலது காலை வைக்கிறாரா என்பதுகூட அந்த வாங்கிலிருந்து தெரிந்தது. இவ்வளவு நாளும் படம் கீறினேன், அளந்தேன். இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

“அண்டைக்கும் இந்தப் பாட்டுத்தான் தம்பி” என்றார். “நான் இதிலை நிண்டு பாடிக்கொண்டிருக்கிறன். என்ரை மகன் அங்கை, கடைசி வாங்கிலை. ஆரோ வாசலிலை வந்து கூப்பிட்டவை. எழும்பிப் போனவன். படியிலை நிண்டு திரும்பி எனக்குக் கை காட்டினவன், வாறன் எண்டு.”

“நீங்கள்?”

“பாடிக்கொண்டிருந்தன். பாட்டை நடுவிலை விடக்கூடாது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே. அந்தச் சரணத்தை முடிச்சுப்போட்டுப் போய்ப் பாப்பம் எண்டு நிண்டன்.”

பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவரே தொடர்ந்தார்.

“எங்கடை வீடு செல் விழுந்து தரைமட்டமாப் போச்சு. நாங்கள் இருந்த ஒழுங்கையும் இப்ப இல்லை. நான் இருக்கிற அறை அவனுக்குத் தெரியாது. வந்தானெண்டால் எங்கை தேடுவான்? அவனுக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்டுதான் மிச்சம். வாசலிலை நிண்டு பாப்பான். நான் இதிலை இல்லாட்டி, அம்மாவும் இல்லையெண்டு திரும்பிப் போயிடுவான்.”

எத்தனையோ கட்டடங்களுக்கு உறுதி பார்த்துக் கையெழுத்து வைத்தவன் நான். ஒரு கட்டடம் எதற்காக நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் ஒருவர் எனக்கு விளங்கச் சொன்னார். அழுகை வந்தது. ஆனால் தலைக்கு மேல் மரம் இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். அந்த வாங்கில் இருந்துகொண்டே யோசித்தேன். அவருக்கு வேண்டியது இந்தப் பலகையல்ல. வாசலில் நிற்பவன் அவரைக் காண வேண்டும், அவர் வாசலைக் காண வேண்டும். அவ்வளவுதான்.

“ரீச்சர், முன்வாசலைத் திறந்தே வைப்பம். வாசலடி நல்ல உறுதி, அங்கை பயமில்லை. உள்ளை வாற ஆள் முதல் பாக்கிற இடத்திலை உங்களை இருத்தினால் வருவியளோ?”

“மண்டபத்திலை இருந்தால் வாசல் தெரியாது தம்பி. சுவரெல்லோ நிக்குது.”

“சுவரை நான் பாக்கிறன். வாற ஞாயிறுக்கு முன்னம்.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கு வாசற்படியிலை கதிரை போட்டுத் தாறன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். நடைபாதையால் வெளியே வரும்வரை நான் மேலே பார்க்கவேயில்லை, பார்த்தால் விழுந்துவிடும் போல ஒரு பயம்.

சுவரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன், என்ன பார்ப்பது? தேவாலயத்துக்கும் மண்டபத்துக்கும் நடுச்சுவரில் மூன்று வளைவுகள் இருந்ததற்கு அடையாளம் பூச்சில் தெரிந்தது. யாரோ அவற்றைச் சீமெந்துக் கல்லால் அடைத்திருந்தார்கள். வாசலுக்குக் கிட்டிய வளைவைத் திறந்தால் மண்டபத்திலிருந்து முன்வாசல் சாய்வாகத் தெரியும். குழுவில் இதைச் சொன்னதும் அதிபர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“கூரை விழப்போகுது எண்டு நீர்தான் மூடினனீர். இப்ப சுவரையும் உடைக்கப் போறீரோ? ஒரு மனுசிக்காக?”

நியாயமான கேள்வி, சும்மா சொல்லக்கூடாது. மனம் இளகிவிட்டது என்பதற்காகச் சுவர் இளகாமல் நிற்காது. அடைத்த கல் பாரத்தைத் தாங்குகிறதா, அல்லது பழைய வளைவே தன்னைத் தானே தாங்குகிறதா என்பதுதான் விசயம். கல் தாங்கினால் நான் வாயை மூடிக்கொண்டு, ரீச்சரிடம் போய் முடியாது என்று சொல்ல வேண்டும். அவர் திரும்பவும் அந்த மரத்துக்குக் கீழே போய் இருப்பார். வளைவின் உச்சிப் பூச்சைக் கொத்தச் சொன்னேன். அடைத்த மேசன் அவசரக்காரன் போலும். கடைசி வரிசைக்கு மேல் இடைவெளியைச் சாந்தால் நிரப்பாமல் சீமெந்துப் பையின் கடதாசியைத் திணித்துப் பூசி விட்டிருந்தான். கடதாசி மடிப்புக் குலையாமல் இருந்தது. இத்தனை வருடமும் ஓர் இறாத்தல் பாரம்கூட அந்தக் கல்லின் மேல் இறங்கவில்லை. அந்தச் சோம்பேறி மேசனுக்கு மனதுக்குள் கோயில் கட்டிக் கும்பிட்டேன்.

முட்டுக் கொடுத்துவிட்டு மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தோம். முருகைக்கல் வளைவு அசையாமல் நின்றது. பக்கங்களில் பெரிய இரும்புக் கொண்டிகள் துருப்பிடித்து வெளியே வந்தன, நிலத்தில் பள்ளமாக ஒரு நீண்ட தவாளிப்பு. அதிபர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். அவர் குரல் மாறிப்போயிற்று.

“இதிலை மடிப்புக் கதவுகள் இருந்ததெல்லோ! வருசப் பிறப்பு ஆராதனைக்குச் சனம் கொள்ளாது. மூண்டு கதவையும் மடிச்சு விட்டால் மண்டபமும் கோயிலும் ஒண்டு. நான் சின்னனிலை மண்டபப் பக்கத்திலை இருந்துதான் பிரசங்கம் கேட்டனான்.”

“பிறகு ஆர் அடைச்சது?”

“நாங்கள்தான். மண்டபத்தை முன்பள்ளிக்குக் குடுத்தம். பிள்ளையள் சத்தம் போடுவினம் எண்டு... சனமும் இல்லைத்தானே எண்டு.”

அடுத்த ஞாயிறு ரீச்சருக்கு வளைவுக்குள்ளேயே கதிரை போட்டோம், வாசலைப் பார்த்து. நான் வீதிவரை போய் நின்று திரும்பி நடந்து வந்து பார்த்தேன். படியில் கால் வைத்ததும் முதலில் தெரிந்தது அவர் முகம்தான். மற்றவர்களுக்கு மண்டபத்தில் சொந்த இடம் என்று ஒன்று இல்லை. என்ன செய்வார்கள்? அவரைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். பாடத் தொடங்கியதும் குரல்கள் ஒன்றில் ஒன்று சாய்ந்து எழும்பின. ஆராதனை முடிய அதிபர் என்னிடம் வந்து, “நாங்கள் இவ்வளவு நல்லாப் பாடுறனாங்களோ!” என்று கேட்டார். தவில் கேட்ட காதால் சொல்கிறேன் ஐயா, நல்லாத்தான் பாடினீர்கள் என்றேன்.

மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. சீமெந்தை உரித்தோம், சுண்ணாம்பு பூசினோம், பழைய வீடொன்றில் கழற்றிய முதிரை மரத்தில் புதுத் தீராந்தி ஏற்றினோம், வளைவுகளுக்குக் கதவும் செய்து போட்டோம். திறப்பு ஆராதனைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். என் கெட்ட காலம், தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போயிற்று. உருட்டிக்கொண்டு போய் ஒட்டுப் போட்டு, நான் போய்ச் சேர ஆராதனை தொடங்கிவிட்டது. அவசரமாக முன்வாசல் படியேறி உள்ளே கால் வைத்தேன்.

அவரவர் பழையபடி அவரவர் இடத்தில் தூரத் தூர இருந்தார்கள். ரீச்சர் தன் வாங்கில் நின்று பாடிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வெளியில் பளீரென்ற வெயில். அவருக்கு என் உருவம் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். என்னைக் கண்டார். பாட்டு நின்றது. சரணத்தின் நடுவில், அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். ஒரு கை முன்னுக்கு நீண்டது. அந்த முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அது எனக்கு உரியதல்ல.

நான் அசையவில்லை. அசைந்தால் என் நடையில் அவருக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் அப்படி நிற்பது? ஓரடி வைத்தேன். நீண்ட கை மெல்லக் கீழே இறங்கியது. விட்ட சொல்லிலிருந்து பாட்டைத் திரும்ப எடுத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்தபின் போய் அவர் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவரே என் கையைப் பிடித்தார்.

“வாசல் நல்லாத் தெரியுது தம்பி. முந்தியிலும் பாக்க நல்லாத் தெரியுது. உம்மடை வேலை சரி.”

எனக்கு எத்தனையோ சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. இதைப்போல ஒன்று வரவில்லை. இவ்வளவு நோகவும் இல்லை.

இப்போது அளவெட்டியில் வீட்டோடு இருக்கிறேன். என் பிள்ளைகள் கனடாவில். எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், போனில் முகமும் தெரிகிறது. இருந்தும் பின்னேரத்தில் வேலிப் படலை கிறீச்சிட்டால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். மாடாக இருக்கும், அல்லது காற்று. அப்போதெல்லாம் அந்த வாங்கு நினைவுக்கு வந்து மனம் அங்கே போய் நிற்கும்.

அந்தத் தேவாலயத்தின் ஓடுகளை வருடாவருடம் பார்க்க வேண்டும். உங்களில் யாரையாவது அனுப்புவார்கள். போகும்போது சுண்ணாம்புப் பூச்சையும் தட்டிப் பாருங்கள். வளைவுகளை யாராவது திரும்ப அடைக்கக் கேட்டால் விடாதீர்கள். அளவுநாடாவை விரிக்க முன் ஒவ்வொரு வாங்கிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், பாடகர் வாங்கைத் தவிர. அதில் ரீச்சர் இன்னமும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் நேரத்தோடு போங்கள். தப்பித் தவறிப் பிந்திவிட்டால் ஒழுங்கைப் பக்கத்து மண்டப வாசலால் போங்கள். முன்வாசலால் பிந்தி வரவேண்டியவன் ஒருவன் இருக்கிறான்.